உங்களுக்குத் தெரியுமா? ஆடும் கைப்பிடியும் ஒளிந்திருக்கும் ஆணியும்

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போகிற சாலையிலிருந்து எந்த ஊருக்குள் திரும்பினாலும் ஒரே தெருவில் மூன்று தலைமுறை வீடுகளைப் பார்க்கலாம். பலாமரத்தில் மச்சு போட்ட ஓட்டு வீடு, அதற்குப் பிறகு வந்த கான்கிரீட் மாடி, வளைகுடாப் பணத்தில் எழுந்த கண்ணாடிக் கைப்பிடி வீடு. மாடிப்படியில் கைப்பிடி ஆடுவது மூன்றிலும் உண்டு. பிடித்து வைத்திருக்கும் ஆணிதான் வேறு. எது என்று தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

● இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைக்கும் நம் மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த எடை அளவைச் சட்டம் பிறந்தது. எல்லைக் கோட்டுக்கு மூத்த வீடு என்றால் உள்ளே இருக்கும் போல்ட்டு பெரும்பாலும் இஞ்ச் கணக்குதான். இளைய வீடு என்றால் மில்லிமீட்டர் என்று மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. சட்டம் மாறிய வேகத்தில் கடை அலமாரி மாறுவதில்லை. ‘அரை இஞ்ச் போல்ட்டு’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

● இஞ்ச் மரைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒருவர் செய்த நட்டு இன்னொருவரின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தார். மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன தடிமனுக்கு இஞ்சுக்கு இத்தனை மரை என்று 1841-ல் முன்வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவே இந்தியாவுக்கும் வந்தது. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி.

● இந்த இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? 5/16 இஞ்ச் போல்ட்டில் 8 மி.மீ. நட்டைப் போட்டால் சில சுற்றிலேயே முறுகி நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். 3/8 இஞ்ச் போல்ட்டில் 10 மி.மீ. நட்டு அப்படி நிற்காது, தளர்வாக உள்ளே போய்விடும். போல்ட்டின் தடிமன் 9.5 மி.மீ.தான் என்பதால் மரையின் நுனி மட்டும்தான் நுனியைப் பிடித்திருக்கும். ‘அதுதான் ஏறிடுச்சே’ என்று இறுக்கி, மேலே பெயின்டும் அடித்துவிடுவார்கள். ஒரு ஆள் முழு எடையோடு சாயும்போது மரை உருவிக்கொண்டு வரும். சிக்கிக்கொள்ளும் ஜோடியைவிடச் சுலபமாக ஏறும் ஜோடிக்குத்தான் பயப்பட வேண்டும்.

● மரையைக் கண்டுபிடிக்க விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். கழற்றிய போல்ட்டையும் அளவு தெரிந்த புது போல்ட்டையும் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, மரையோடு மரை பொருந்துமாறு அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரியாவிட்டால் இரண்டும் ஒரே மரை. புது போல்ட்டு கையில் இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒரு இஞ்சுக்குள் எத்தனை மேடு என்று எண்ணுங்கள். 5/16 இஞ்ச் விட்வொர்த் என்றால் 18 இருக்கும். 8 மி.மீ. போல்ட்டில் 20 வரும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்த பிறகு எண்ணுங்கள். துருவோடு எண்ணினால் எந்தக் கணக்கும் வரும்.

● ஆணியே இல்லாத படியும் உண்டு. பழைய பலா, அயினி, தேக்குப் படிகளில் தூணின் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு வட்டம், மரத்தின் ஓட்டத்துக்கு மாறான ரேகையோடு தெரிந்தால், அது மர முளை. உள்ளே கழுந்தும் துளையுமாகச் சேர்த்த மூட்டு இருக்கிறது, முளை அதைப் பூட்டி வைத்திருக்கிறது. இங்கே ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையில்லை. முளை பெரும்பாலும் ஒரு பக்கம் சற்று ஒல்லியாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒல்லியான முனை எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கிருந்து மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் மறுபக்கம் வந்துவிடும். தடித்த முனையில் அடித்தால் இன்னும் இறுகும், தூணும் பிளக்கும். மூட்டு ஆடுகிறதே என்று பக்கத்தில் நாலு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிவிடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. நூறு வருஷம் நின்ற மூட்டை அரை மணி நேரத்தில் கெடுக்கிற வேலை அது. நல்ல ஆசாரியாக ஒருவரைத் தேடிப்பிடித்துப் புது முளை அடிக்கச் சொல்லுங்கள்.

● இந்தத் தச்சு முறையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்ந்தது. பலரும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து முடித்துவிடுகிறார்கள். படி ஏறும்போது கொஞ்சம் நின்று, மரமும் மரமும் சேரும் இடங்களை மட்டும் கவனித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

● ஸ்க்ரூவின் முனை மொட்டையாக இருக்கிறதா? தூக்கி எறிய வேண்டாம், அது மிகப் பழசாக இருக்கலாம். மரத்துக்கான ஸ்க்ரூவுக்கு ஒரு காலத்தில் கூர்முனையே கிடையாது. முதலில் துளை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூர்முனை ஸ்க்ரூவைச் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் 1846-ல் காப்புரிமை பெற்றார். அதைச் செய்யும் இயந்திரத்தை பர்மிங்காமின் நெட்டில்ஃபோல்டு கம்பெனி 1854-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பணம் போட்டது சேம்பர்லின் குடும்பம். பின்னாளில் ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்ட பிரதமர் நெவில் சேம்பர்லினின் தகப்பனார் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தது இந்த ஸ்க்ரூ கம்பெனியில்தான்.

● நீளமான மரக் கைப்பிடியில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் மேலே ஒரு ஆணித் தலையும் தெரியாது. ஆனால் மூட்டு இறுக்கமாக இருக்கும். ரகசியம் அடிப்பக்கத்தில். குனிந்து, கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டினால் சிறிய வட்ட மர அடைப்பு தட்டுப்படும். அதற்குள் இருப்பதுதான் கைப்பிடி போல்ட்டு: இரண்டு முனையிலும் மரை வெட்டிய கம்பி, ஒரு முனையில் சதுர நட்டு, மறுமுனையில் விளிம்பெல்லாம் பள்ளம் வெட்டிய வட்ட நட்டு. இந்த வட்ட நட்டுக்கு ஸ்பானர் கிடையாது. அடைப்பை எடுத்துவிட்டு, பள்ளத்தில் ஒல்லியான உளியோ பஞ்ச்சோ வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்ற வேண்டும். மூட்டு இளகியிருந்தால் கால் சுற்று, அரைச் சுற்று போதும். அடைப்பைத் திரும்ப வைத்துத் தேய்த்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. இது தெரியாதவர்கள் மேலேயிருந்து ஆணி அடித்து, கை வைக்கிற இடத்தில் ஒரு முள்ளை உண்டாக்கிவிடுகிறார்கள்.

● ஒரு பாதி மர ஸ்க்ரூ, மறு பாதி போல்ட்டு, தலையே இல்லை. படியின் முதல் தூணிலும் அதன் உச்சியில் இருக்கும் மர உருண்டையிலும் இது இருக்கும். ஹேங்கர் போல்ட்டு என்பார்கள். தலை இல்லாததைத் திருப்புவது எப்படி? மரைப் பாதியில் இரண்டு நட்டுகளை ஏற்றி, இரண்டு ஸ்பானரால் ஒன்றோடொன்று முறுக்கி இறுக்குங்கள். இப்போது மேல் நட்டைத் திருப்பினால் போல்ட்டே உள்ளே போகும், அடி நட்டைத் திருப்பினால் வெளியே வரும். கட்டிங் பிளேயரால் மரையைக் கவ்வித் திருகுபவர்கள் போல்ட்டையும் கெடுத்து நட்டையும் ஏறவிடாமல் செய்துவிடுவார்கள்.

● குமிழ் மாதிரி வழவழப்பான தலை, அடியில் சதுரக் கழுத்து: கோச் போல்ட்டு. குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு. சதுரக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்வதால் மறுபக்கம் ஒரே ஸ்பானர் போதும். மழையில் நனைந்து மரம் இளகிவிட்டால் போல்ட்டு முழுவதும் சும்மா சுற்றும். தலையில் ஹேக்ஸா பிளேடால் ஒரு கீறல் வெட்டி, அதில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள்.

● டொரண்டோவில் இருக்கும் உறவினர் அனுப்பிய சாமான் பெட்டியில் சதுரக் குழி உள்ள ஸ்க்ரூ இருந்தால் அதன் பெயர் ராபர்ட்சன். கனடாக்காரர் பி. எல். ராபர்ட்சன் 1909-ல் காப்புரிமை வாங்கியது. டிரைவர் நழுவாது, கார் கம்பெனிக்காரர் ஹென்றி ஃபோர்டுக்கே பிடித்துப்போனது. ஆனால் உரிமத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அந்த இடத்தைப் பிலிப்ஸ் பிடித்தது. 1936-ல் காடிலாக் கார் தொழிற்சாலையில் நுழைந்த அந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூதான் இன்று நம் வீட்டுச் சுவிட்சு பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது.

● கூட்டல் குறியிலும் இரண்டு ஜாதி. நாலு கைகளுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ். பிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் நழுவி குழியைத் தின்றுவிடும்.

● பிறைபோல ஒரு பக்கம் மட்டும் சரிந்த குழியா? ஒருவழி ஸ்க்ரூ. ஏற்றலாம், இறக்க முடியாது. திருடனுக்காகக் கண்டுபிடித்தது, ரிப்பேர்காரரைத்தான் அழவைக்கிறது. தலையில் கீறல் வெட்டுவதைத் தவிர வீட்டில் வேறு வழியில்லை.

● ஸ்டீல் கைப்பிடிக் கம்பியின் அடியில் தொப்பி போல ஒரு வட்ட மூடி தரையோடோ சுவரோடோ ஒட்டி நிற்கும். அழகுக்காக வைத்தது. சிலிகான் பசையைப் பிளேடால் அறுத்துவிட்டு மேலே தள்ளினால் நகர்ந்துவிடும். கீழே உண்மையான அடித்தட்டும் ஆங்கர் போல்ட்டுகளும் இருக்கும். கம்பி ஆடுகிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி இங்கேதான். வெல்டிங் விட்டுப்போச்சு என்று வெல்டரைக் கூப்பிடும் முன் இந்த மூடியைத் தூக்கிப் பாருங்கள். நட்டு இளகியிருந்தால் உங்கள் வேலை ஐந்து நிமிஷம். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து வெளியே வந்தால் தரையோ சுவரோ கைவிட்டுவிட்டது என்று பொருள்.

● சுவர் ஏன் கைவிடுகிறது? இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுக்கல் சுவர் உண்டு. புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரில் அங்காடிப்புரத்தில் பார்த்து 1807-ல் எழுதி உலகுக்குச் சொன்ன அதே செம்புரைக் கல். வெட்டும்போது மென்மை, காற்றுப்பட்டால் கடினம். ஆனால் உள்ளே முழுக்கப் பொந்து. ஆங்கர் போல்ட்டு துளைக்குள் விரிந்து பக்கவாட்டில் நெருக்குவதால்தான் பிடிக்கிறது. பொந்துக் கல்லில் நெருக்கினால் கல் நொறுங்கும், பிடிப்பு போகும். இங்கே பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் நல்லது. சுவரை முழுதும் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து நட்டு போடுவது அதைவிட நல்லது. பெரிய போல்ட்டாகப் போட்டால் சரியாகிவிடும் என்பது இந்தக் கல்லில் எடுபடாது.

● சுவரில் பிளாஸ்டிக் பிளக் வருவதற்கு முன் மரக்கட்டையை ஆப்பாக அடித்து அதில் ஸ்க்ரூ ஏற்றினார்கள். ஜான் ராலிங்ஸ் என்ற லண்டன் கட்டடக்காரர், பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைப் பெயர்க்காமல் மின்சாரச் சாமான் மாட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் 1911-ல் சணல் நாரில் பசை சேர்த்து ஒரு பிளக் செய்தார். நாம் இன்றும் வாயில் சொல்லும் ‘ரால் பிளக்’ அவர் பெயர்தான். இப்போதைய நைலான் பிளக் 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் செய்தது. சாம்பல் நிற பிளக் உள்ளே இருந்தால் அந்தத் துளை அதற்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். நார் பிளக்கோ மரக்கட்டையோ இருந்தால் அதன் மேல் புதிய ஸ்க்ரூ ஏற்றாதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி துளை போடுங்கள்.

● காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் செய்துகாட்டுவார். நம்பாதீர்கள். 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில். 304-ல் 8 சதவீதமும் அதற்கு மேலும் நிக்கல் உண்டு. 202-ல் 4 முதல் 6 சதவீதம்தான். மீதியை மாங்கனீசு போட்டு ஈடுகட்டுகிறார்கள். இன்னும் வேடிக்கை, குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய நல்ல 304 போல்ட்டில் காந்தம் லேசாக ஒட்டவும் செய்யும். அசலைப் போலி என்றும் போலியை அசல் என்றும் காட்டுகிற சோதனை இது. நீரோடி, பொழியூர், பூவார் என்று கடல் காற்று அடிக்கிற ஊர்களில் 202 கைப்பிடி சீக்கிரமே தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். அங்கே மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்த 316 ரகம் வேண்டும். விலை கூடுதல்தான். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள்.

● போல்ட்டின் தலையில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் குறைவு. ஏ2-70 என்றால் 304 வகைக் குடும்பம், ஏ4 என்றால் 316 குடும்பம். சாதா இரும்பில் 4.6, 8.8 என்று இருக்கும். 8.8-ல் முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் எட்டு, அதில் 80 சதவீதம் வரை நீண்டு கெடாமல் தாங்கும் என்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கெல்லாம் ஐஎஸ் 1367 என்று எண். தலை வெறுமையாக இருந்தால் அது எதையும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

● ஸ்டீல் போல்ட்டில் ஸ்டீல் நட்டை டிரில் மெஷினால் சர்ரென்று ஏற்றினால் பாதி வழியில் சூடேறிப் பற்றிக்கொள்ளும். பிறகு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சொட்டு கிரீஸ் தடவி, கையால் மெதுவாக ஏற்றுங்கள்.

● எவ்வளவு திருப்பியும் இளகாமல் இறுகிக்கொண்டே போகிறதா? கொஞ்சம் நிறுத்துங்கள், இடது மரையாக இருக்கலாம். இழுகம்பி போட்ட புது மாடல் கைப்பிடிகளில் கம்பியின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. நடுவில் சுற்றினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இறுகும். எல்லை ஊர்களின் வெல்டர்களுக்கு இது புதிதில்லை. அசிட்டிலின் சிலிண்டரின் நட்டு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது. கை தவறி மாற்றி மாட்ட முடியாது. அசிட்டிலின் நட்டின் முனைகளில் வெட்டுக் குறி இருக்கும். மற்ற நட்டிலும் அந்தக் குறியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

● வெளியே ஸ்க்ரூவே தெரியாத கண்ணாடிக் கைப்பிடியில் தாங்கியின் அடிப்பக்கத்தைச் செல்போன் டார்ச்சில் பாருங்கள். ஊசித்துளை போன்ற குழிக்குள் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ இருக்கும். அலன் கீ போட்டுத்தான் திருப்ப வேண்டும். கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் இதில் கை வைக்காதீர்கள்.

● பனை வைரத்தில் நேரே ஆணி அடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், ஆணிதான் வளையும். முதலில் துளை. தென்னை மரத்தின் வெளி வைரத்துக்கும் அதே கதைதான்.

● பெயின்ட் மூடிய ஸ்க்ரூத் தலையில் டிரைவரை வைத்தவுடன் குழி சிதைந்துபோகும். பழைய கத்தி முனையால் குழியில் இருக்கும் பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகு டிரைவரை வைத்து, அதன் பின்பக்கம் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். வெள்ளை பெயின்டாக இருந்தால் அதற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு மூலப்பொருளான இல்மனைட் கிடைப்பது இதே கடற்கரையில்தான், மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும். திருவனந்தபுரத்தில் அதைத் தயாரிக்கும் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946-ல் தொடங்கப்பட்டது.

● துரு பிடித்த நட்டுக்கு டபிள்யூடி-40 அடிப்பவர்களே, அந்த 40 என்பது நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்த கலவை என்பதைக் குறிக்கிறது. 1953-ல் அமெரிக்காவில், ஏவுகணையின் தகடு துருப்பிடிக்காமலிருக்கச் செய்தது. அடித்த உடனே ஸ்பானரைப் போடாமல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் இதே விதிதான். எதுவாக இருந்தாலும் பொறுமைதான் பாதி வேலையைச் செய்கிறது.

● கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அமெரிக்க வீட்டு விதியில் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே 4 இஞ்ச் உருண்டை நுழையக்கூடாது. தவழும் குழந்தையின் தலையை மனதில் வைத்த கணக்கு. பழுது பார்க்கும்போது ஒரு கம்பியைக் கழற்றி வைத்தால், வேலை முடியும் வரை அந்த இடத்தில் கயிறாவது கட்டுங்கள்.

● கடைசியாக ஒன்று. கழற்றிய ஆணியைப் போனில் விவரித்து வாங்கிவர ஆளனுப்பாதீர்கள். நட்டு, வாஷர், போல்ட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் புது நட்டை உங்கள் பழைய போல்ட்டில் அங்கேயே விரலால் கடைசி வரை ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.